சுண்ணக்கல்லைத் தராசிலிட்ட பேராசிரியர் யோசேப் பிளாக்

சுண்ணாம்பு நமக்குப் புதிய பொருளன்று. நம் நாட்டின் வடபாகத்தே குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறையின்மீதே அமைந்துள்ளது. முன்னோர் அக்கல்லைச் சூளையிற் சுட்டு, அதனால் வீடு கட்டினர். கோயில் மதில் எழுப்பினர். வெற்றிலைக்கும் அதனையே கூட்டினர். கிணற்று நீரைப் பன்னாட் கொதிக்க வைத்த கேத்திலின் அடியிலே படியும் வெண்படையும் அதுவே. சூளையினின்றும் எடுத்த கல், இட்ட கல்லிலும் பாரங்குறைந்திருப்பதைச் சூளைத் தொழிலாளர் யாவரும் அறிவர். எனினும், அக்கல்லின் பாரத்தில் ஏறக்குறைய அரைவாசி எங்கே போயிற்று என்ற கேள்வியை எழுப்பியவர் எத்துணைப் பேர்? புகையோடு போயிற்று என்று சொல்லி அமைந்தாரே மிகப் பலர். அக்கேள்வியை எழுப்பியதோடமையாது, போனது யாது, போன அளவு எவ்வளவு, அதனை மீட்டுக் கொணர முடியுமா என்று தராசைத் துணைக்கொண்டு விடை கண்டவர் ஒருவர், ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன் ஸ்கொத்லாந்து தேசத்திலே ஒரு வைத்திய மாணவராயிருந்தார். அவரே யோசேப் பிளாக் என்னும் பெருமகனார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை இவ்விழா மலரிலே சுருக்கிக் கூற முற்படுகின்றோம்.

பிளாக் 1728-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16-ஆந் திகதி பிரான்சு தேசத்துப் போர்தோ நகரிலே பிறந்தார். அவர் தந்தையார் ஸ்கொத்லாந்து வழிவந்தவர். அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரினின்றும் போர்தோவுக்குச் சென்று திராட்சைமது வாணிகஞ் செய்தவர். தாயாரும் ஸ்கொத்லாந்துக் குடும்பத்தினரே. பிள்ளைகள் பலர் நிறைந்த அவ்வில்லத்திலே பிளாக் வளர்ந்தார். பன்னிரண்டு வயதிலே கல்வியின்பொருட்டுப் பெல்பாஸ்ற் நகருக்கு அனுப்பப்பட்டார். பின்னர்க் கிளாஸ்கோ சர்வகலாசாலையை அடைந்து முதலிற் கலைகளையும், தொழிற்கல்வி ஒன்று வேண்டுமென்று தந்தையார் வற்புறுத்தியமையால் வைத்தியத்தையும் பயின்றார்.

நல்லாசிரியர் ஒருவர் வாய்ப்பது மாணவனின் பாக்கியம். பிளாக்குக்கு வாய்த்தவர் வில்லியம் கலன் என்பவர். இரசாயனம் மருந்துக்கடைக்காரரின் கைத்தொழிலாகவே எண்ணப்பட்ட அக்காலத்தில், அதனை ஒரு தனி விஞ்ஞானமாக மதித்துக் கற்பித்தவர் அவர். மாணவராகிய பிளாக்கைத் தம் ஆய்வுகூடத்திலே உதவியாளராகச் சேர்த்து, மூன்றாண்டு காலம் தம்மோடிருத்திப் பரிசோதனை செய்யும் முறையைப் பழக்கினார். உலையை அளவறிந்து எரிப்பது, கலத்தைச் சிந்தாது கவிழ்ப்பது, நிறையைப் பிழையின்றிக் காண்பது ஆகிய இவையெல்லாம் பிளாக் அங்கே கற்றவை. 1752-ஆம் ஆண்டு வைத்தியப் படிப்பை நிறைவேற்றும்பொருட்டு எடின்பரோ நகர் சென்றார்.

அந்நாளிலே மூத்திரப்பையிற் கல் விளைந்து வருந்துவோர் பலர். மயக்க மருந்து இல்லாத காலமாதலால் சத்திரசிகிச்சை கொடுந்துன்பமாயிருந்தது. அதிற் பிழைப்பதும் அரிது. கல்லைக் கரைக்கும் மருந்து ஒன்று கிடைக்குமாயின் அதற்கு எப்பொருளும் கொடுக்க மக்கள் ஆயத்தமாயிருந்தனர். யோவன்னா ஸ்ரீவன்ஸ் என்னும் பெண்மணி தம் இரகசிய மருந்தை வெளியிடுவதற்காக ஆங்கிலப் பாராளுமன்றம் 5,000 பவுண் பரிசளித்தது. சுட்ட முட்டையோடும் சுட்ட நத்தையும் சவர்க்காரமும் கலந்ததே அம்மருந்து. இதன் பின்னர்ச் சுண்ணாம்புநீர் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கை வைத்தியரிடையே பரவியது. எடின்பரோவிலோ, இரு பேராசிரியர்கள் இதுபற்றிப் பெரிதும் மாறுபட்டு நின்றனர். சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பே சிறந்தது என்றார் றொபேட் உவைற். கல்லைச் சுட்டெடுத்ததே போதும் என்றார் சாள்ஸ் அல்ஸ்ரன்.

பட்டத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டிய மாணவர், தம்மைச் சோதிக்கும் ஆசிரியர் இருவரின் பிணக்குக்கு நடுவே புகுவது அறிவுடைமையன்று. ஆதலின் பிளாக் சுண்ணாம்பை ஒதுக்கி, வெண்மகனீசியா என்னும் மென்பொடியைத் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். கல்லைக் கரைக்கும் புதியதொரு காரம் இதிலிருந்து கிடைக்குமோ என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் கைகூடவில்லை. சுட்ட மகனீசியா நீரிற் கரையவுமில்லை, நாவைச் சுடவுமில்லை. நோயாளிக்கு மருந்து தேடிச் சென்றவர் மருந்தைக் காணாது மீண்டார். ஆயினும், வரும் வழியிலே அவர் கண்டெடுத்தது இரசாயன விஞ்ஞானத்தின் போக்கையே மாற்றியது.

அவர் செய்தது இதுவே. ஓர் அவுன்சு மகனீசியாவை மூசையிலிட்டுச் செம்பை உருக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் வைத்தார். எடுத்து நிறுத்தபோது பன்னிரண்டிலேழு பங்கு நிறை குறைந்திருந்தது. இழந்தது நீராவியோ என ஐயுற்று, வேறொரு முறை வாலையிலிட்டுச் சூடாக்கி, வருவதைக் குளிர்வித்துப் பிடித்தார். சிறிதளவு நீரே கிடைத்தது. இழந்த நிறையின் பெரும்பகுதிக்கு அது கணக்காகவில்லை. சுடாத மகனீசியா அமிலத்திலே நுரைத்துப் பொங்கியது. சுட்டதோ, நுரையின்றி அமைதியாகக் கரைந்தது. ஆனால் இரண்டிலுமிருந்து பெற்ற உப்பு ஒன்றே. எனவே, தீயினால் வெளியேறியதும் அமிலத்தினால் நுரையாய் வெளியேறுவதும் ஒரே பொருள். அது கண்ணுக்குப் புலனாகாத ஒரு காற்று என்று துணிந்தார். பொருள்களுள்ளே காற்று அடங்கிக் கிடக்கும் என்பதை ஸ்ரீவன் ஹேல்ஸ் என்பார் 1727-இலே எழுதிய நூலிலே முன்னரே காட்டியிருந்தார். அந்நூலைப் பிளாக் கற்றிருந்தார்.

இக்கருத்துக்களை உள்ளடக்கிய இலத்தீன் மொழிக் கட்டுரைக்காக 1754-ஆம் ஆண்டு அவர் வைத்திய கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின்னர், அச்சம் நீங்கியவராய்ச் சுண்ணக்கல்லையே ஆராயத் தொடங்கினார். 1755-இல் எடின்பரோ அறிஞர் சபையிலே படிக்கப்பட்டு 1756-இல் அச்சேறிய அவரது ஆங்கிலக் கட்டுரை, அளந்தறியும் இரசாயனத்தின் முதன் நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

அக்காலத்துக் கொள்கை யாது? சுண்ணக்கல்லைச் சுடும்போது தீயின் நுண்டுகள் கல்லினுள்ளே புகுந்து தங்குகின்றன. சுட்ட சுண்ணாம்பு கையைச் சுடுவதும் நீரூற்றக் கொதிப்பதும் அத்தீயினாலே தான் என்பர். கேட்போர்க்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும் கொள்கை அது. பிளாக் அதனைத் தர்க்கத்தால் எதிர்க்கவில்லை, தராசினால் எதிர்த்தார். தீ உள்ளே புகுந்ததாயின் கல்லின் நிறை கூடவேண்டுமேயன்றிக் குறைதல் கூடாதன்றோ?

அவர் கண்ட எண்களை நம் மாணவர்கள் மனத்திருத்துதல் நன்று. 120 கிரேன் நிறையுள்ள வெண்கட்டியை முற்றச் சுட்டார். 68 கிரேன் சுண்ணாம்பு மிஞ்சியது. அதாவது 52 கிரேன் வெளியேறிற்று. அச்சுண்ணாம்பைப் பொடியாக்கி மென்காரக் கரைசலில் இட்டுப் பின் கழுவி உலர்த்தி நிறுத்தார். 118 கிரேன் இருந்தது. இழந்த காற்றைச் சுண்ணாம்பு மென்காரத்திடமிருந்து மீளப் பெற்றுப் பழையபடி வெண்கட்டியாயிற்று. காற்றை இழந்த மென்காரமோ கடுங்காரமாயிற்று. காரத்தைக் கடுமையாக்குவது சுண்ணாம்பு கொடுக்கும் தீயன்று. சுண்ணாம்பு பறித்துக்கொள்ளும் காற்றின் இன்மையே என்பது ஐயந்திரிபற விளங்கிற்று. மேலும், 120 கிரேன் வெண்கட்டியை நடுநிலையாக்க 421 கிரேன் நீர்த்த உப்பமிலம் வேண்டியிருந்தது. அதே அளவு வெண்கட்டியைச் சுட்டெடுத்த சுண்ணாம்புக்கு 414 கிரேன் வேண்டியிருந்தது. இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே தீயினாற் கல்லின் அடிப்பொருள் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அமிலத்திலே கரைத்தபோது 48 கிரேன் நிறையே குறைந்தது, சுட்டபோதோ 52. இன்றைய கணக்கின்படி தூய கல்சியங்காபனேற்றில் நூற்றுக்கு 44 பங்கு காபனீரொட்சைட்டு உண்டு. 120 கிரேனுக்கு அது 52.8 கிரேன் ஆகும். அணுநிறை என்ற எண்ணமே பிறவாத காலத்தில், உலைக்களத்திலே செய்த ஒரு பரிசோதனை உண்மையான அளவுக்கு ஒரு கிரேன் வித்தியாசத்துள்ளே வந்து நின்றமை வியக்கத்தக்கது. அமில முறையில் நிறைக்குறைவு சிறிது தாழ்ந்து காணப்படுவதும் இயல்பே. வெளிப்பட்ட வாயுவிற் சிறிது கரைசலிலே கரைந்து தங்கிவிடும். இக்குறை இன்றும் ஆய்வாளரைத் தொடர்கின்றது. அதற்காகவே அவர்கள் குடுவையைக் குலுக்கியும் மெல்லச் சூடாக்கியும் வாயுவை வெளியேற்றுகின்றனர்.

இவ்வாறு கல்லினுள்ளே கட்டுண்டு கிடந்த அக்காற்றுக்கு நிலைத்த காற்று என்று பெயர் வழங்கினார். அது சுண்ணாம்புநீரைப் பால்போலக் கலங்கச் செய்யும் என்பதை அறிந்தபின், அதனைத் தேடுவது எளிதாயிற்று. நம் மூச்சிலும், புளிக்கும் மதுவிலும், எரியும் கரியிலும் அது வெளிப்படுவதை 1757-ஆம் ஆண்டளவிலே கண்டார். திறந்து வைத்த சுண்ணாம்புநீரின்மேல் ஏடு படர்வதினின்றும், வெளிக்காற்றிலும் அது சிறிது கலந்துள்ளதென அறிந்தார். காற்று என்பது ஒரே பொருள் என்ற பழங்கொள்கை அன்றோடு அழிந்தது. அவர் மாணவராகிய டானியல் றதபோட் 1772-இல் நைதரசனைப் பிரித்தறிந்ததும், பிரெஞ்சு அறிஞர் இலாவோசியர் தராசையே தெய்வமாகக்கொண்டு புதிய இரசாயனத்தை எழுப்பியதும் இதன் வழிவந்தவையே. பொருளை எதிர்வினைக்கு முன்னும் பின்னும் நிறுத்தறியும் வழக்கத்தை இரசாயனத்தில் உறுதியாக ஊன்றியவர்களுள் பிளாக் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றார்.

1756-இல் தம் ஆசிரியர் கலனின் இடத்திலே கிளாஸ்கோவில் விரிவுரையாளரானார். அங்கே, பனிக்கட்டி உருகும்போது வெப்பம் உட்புகுந்தும் வெப்பமானி ஏறாதிருப்பதை ஆராய்ந்து, மறைவெப்பம் என்னும் உண்மையைக் கண்டார். பனிக்கட்டி உருகக் கொள்ளும் வெப்பம், அவ்வளவு நீரைப் பரனைற்று அளவில் ஏறக்குறைய 140 பாகை உயர்த்தப் போதுமென அளந்தார்; இன்றைய அளவு 144. சர்வகலாசாலையிலே கருவி செய்பவராயிருந்த ஜேம்ஸ் வாற் அவர் நண்பரானார். நீராவிப் பொறியைத் திருத்த முயன்ற வாற்றுக்குப் பிளாக் அறிவுரையோடு பொருளும் கடனாகக் கொடுத்துதவினார். 1766-இல் எடின்பரோ சர்வகலாசாலையின் இரசாயனப் பேராசிரியராகி, ஏறக்குறைய முப்பதாண்டு காலம் கற்பித்தார். அவர் வகுப்பிலே பல தேசத்து மாணவரும் நிறைந்திருந்தனர். பரிசோதனையை ஆடம்பரமின்றி, ஒரு துளியும் சிந்தாது செய்துகாட்டும் அவர்தம் கைத்திறன் மாணவர் வாழ்நாள் முழுதும் நினைந்து போற்றியது.

இனி, பாறையியல் வரலாற்றோடு பிளாக்கின் பெயர் இணைந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். ஜேம்ஸ் ஹற்றன் என்னும் அறிஞர் அவருடைய உயிர்நண்பர். பூமியின் உள்வெப்பத்தினாலேயே கடலடிப் படிவுகள் இறுகிப் பாறையாயின என்பது ஹற்றனின் கொள்கை. இதற்கு எழுந்த மிக வலிய தடை யாது? சுண்ணக்கல்லைச் சூடாக்கினால் அது காற்றை இழந்து சுண்ணாம்பாகிவிடும் என்று பிளாக் நிறுத்துக் காட்டிய உண்மையே. வெப்பத்திலே பிறந்த சலவைக்கல்லில் அக்காற்று இன்னும் எவ்வாறு தங்கியிருக்கின்றது? மேலுள்ள பாரத்தின் அமுக்கம் காற்றை வெளியேற விடாது தடுத்திருக்கும் என்று ஹற்றன் விடையிறுத்தார். அதற்கு அன்று சான்று இல்லை.

நண்பனின் கொள்கைக்குத் தம் கண்டுபிடிப்பே தடையாய் நிற்க, பிளாக் என்ன செய்தார்? தம் எண்களை மறைக்கவுமில்லை. அவற்றைக் காட்டி நண்பனை இழித்துரைக்கவுமில்லை. 1785-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆந் திகதி எடின்பரோ இராச சங்கத்திலே ஹற்றனின் கட்டுரை வாசிக்கப்பட வேண்டியிருந்தபோது ஹற்றன் நோயுற்றிருந்தார். அன்று அவருக்காகச் சபையிலே எழுந்து அக்கட்டுரையை வாசித்தவர் பிளாக்கே. சான்று வரும்வரை ஒரு கருத்துக்கு இடங்கொடுத்துக் காத்திருக்கும் பெருந்தன்மையை இங்கே காண்கின்றோம். அச்சான்றும் பின்னர் வந்தது. ஜேம்ஸ் ஹோல் என்பவர் 1798 முதல் பல ஆண்டுகள் முயன்று, வெண்கட்டித் தூளைத் துப்பாக்கிக் குழலினுள் இறுக அடைத்துச் சூடாக்கினார். வெளியேற வழியற்ற வாயு கல்லிலேயே தங்க, தூள் சலவைக்கல் போன்று இறுகியது. இம்முடிவுகள் 1805-இல் வெளிப்பட்டபோது ஹற்றனும் பிளாக்கும் உயிரோடில்லை. நண்பர் இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாயின.

பொருளியல் மேதை அடம் ஸ்மித்தும் இவ்விருவர்க்கும் நெருங்கிய தோழர். 1790-இலே தாம் இறக்குமுன், முற்றுப்பெறாத தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி அவர் நம்பி ஒப்படைத்தது இவ்விருவரிடமே. அத்துணை நம்பிக்கைக்கு உரியவராயிருந்தார் பிளாக். அவர் மணஞ்செய்யவில்லை. புல்லாங்குழல் வாசிப்பார். உடல் மெலிந்தவர், நோயாளி. அளவறிந்து உண்டு, அளவறிந்து உழைத்து வாழ்ந்தார். 1799-ஆம் ஆண்டு திசெம்பர் 6-ஆந் திகதி, மேசையருகே அமர்ந்திருந்தபடியே, முழங்காலில் வைத்த பாற்கிண்ணம் சிந்தாத வகையில் உயிர்நீத்தார் என்பர். எடின்பரோவின் கிரேபிரையர்ஸ் மயானத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர்பால் ஒரு குறையுங் கூறவேண்டும். கண்டதை எழுதி வெளியிடுவதில் அவர் பெரிதும் பின்தங்கினார். மறைவெப்பம் பற்றி அவர் தாமே ஒரு நூலும் வெளியிட்டாரில்லை. மாணவரின் குறிப்பேடுகள் வழியாகவே அது உலகெங்கும் பரவிற்று. பிறர் பெயரோடும் கலந்து வழங்கிற்று. அவர் மறைந்தபின் 1803-இல் நண்பர் யோன் றொபிசன் விரிவுரைகளைத் தொகுத்து அச்சிட்டிராவிடின் நாம் இழந்திருப்பது மிகப் பலவாகும். உடல்நலிவும், பிழை நேருமோ என்ற அச்சமும் அவரைத் தடுத்தன போலும். அறிவு தேடுதல் ஒரு கடமை. தேடியதை உரிய காலத்திலே பிறர்க்கு வழங்குதலும் அதனை ஒத்த கடமையன்றோ?

பிளாக் மூட்டிய உலை இன்றும் அவியவில்லை. ஒரு பாறையிலோ சேற்றுப் படிவிலோ காபனேற்று எவ்வளவு என அறிய விரும்புவோர், அவர் காட்டிய இரு வழிகளிலேயே இன்றும் பெரும்பாலும் செல்கின்றனர். ஒன்று, உலர்ந்த மாதிரியை முதலில் 550 பாகை சென்ரிகிறேட்டில் எரித்துச் சேதனப் பொருளை நீக்கி நிறுத்து, பின்னர் ஏறக்குறைய 950 பாகையிற் சுட்டு மீண்டும் நிறுத்தல். இரண்டாம் முறையிற் குறைந்த நிறை காபனீரொட்சைட்டு, அதனை 2.27-ஆற் பெருக்கினால் கல்சியங்காபனேற்றின் அளவு கிடைக்கும். மற்றையது, மாதிரியை அமிலத்தில் இட்டு வெளிவரும் வாயுவின் கனவளவை அளத்தல். ஒரு கிராம் தூய கல்சியங்காபனேற்று, பூச்சியப் பாகையிலும் சாதாரண வளிமண்டல அமுக்கத்திலும் ஏறக்குறைய 224 கன சென்ரிமீற்றர் வாயுவைத் தரும். மகனீசியமும் கலந்த தொலமைற்றுக் கல் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் மெல்லவே கரையும். பொறுமையற்றவன் அங்கே ஏமாறுவான். சுண்ணாம்பு வேறு, மகனீசியா வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் பிளாக்கே என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

இவ்வளவையின் பயன் ஏட்டளவிலே நிற்பதன்று. 1950-இலே தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் நம் சுண்ணக்கல்லே. சீமெந்துக்கு எடுக்கும் கல்லில் காபனேற்று எவ்வளவு, மகனீசியா எவ்வளவு என்று அளவாமல் அத்தொழில் நடவாது. மகனீசியா மிகுந்தால் கட்டடம் காலம் சென்று விரிந்து வெடிக்கும். ஆழ்கடலடிச் சேற்றைக் குழாயிட்டு எடுத்து, அடுக்கடுக்காகக் காபனேற்றை அளந்த அறிஞர்கள் பனியூழிகளின் வரலாற்றை அதிலே படித்தனர். பிளாக் மூச்சிலும் கரியிலும் கண்ட அவ்வாயுவோ, அவர் காலத்தில் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்தது. இன்று 420-ஐக் கடந்து, உலகின் வெப்பத்தை உயர்த்தி நம் எல்லோர்க்கும் கவலை தருவதாயுள்ளது. அன்று அவர் அதனை நிறுத்தறியாதிருந்தால், இன்று நாம் அதன் பெருக்கத்தைக் கணக்கிடுமாறு எங்ஙனம்?

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே சுண்ணாம்புநீரில் ஊதி அது கலங்குவதைக் கண்டு மகிழாத பழைய மாணவர் இரார். இப்பொழுது அங்கே பயிலும் இளைஞர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பரீட்சைக்கு அப்பரிசோதனையைச் செய்து குறிப்பேட்டை மூடிவிடாதீர். ஊதுமுன்னும் ஊதிய பின்னும் யாது கூடிற்று, யாது குறைந்தது என்று கேளுங்கள். கேட்டதைத் தராசிலே இட்டுப் பாருங்கள். ஊரார் சொல்லும் கொள்கை எத்துணை இனிதாயினும், எண் அதற்கு இசையாவிடின் எண்ணின் பக்கமே நில்லுங்கள். அங்ஙனம் நிற்கும்போதும், மாறுபட்ட நண்பனுக்காக அவன் கட்டுரையைத் தாமே எழுந்து வாசித்த அப்பேராசிரியரின் பண்பை மறவாதிருங்கள்.